மூன்று மாதம் கழித்து வரச் சொன்ன தெர்மல் ரிப்போர்ட்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் குடியிருப்புச் சங்கம் கல்யாண மண்டபம் ஒன்றில் மருத்துவ முகாம் நடத்தியது. 52 வயதாகும் அம்மா அங்கே ‘முழு உடல் தெர்மல் ஸ்கேன்’ எடுத்துக்கொண்டார். தொட மாட்டோம், வலிக்காது, கதிர்வீச்சு கிடையாது, கேன்சரைப் பத்து வருடம் முன்னாலேயே கண்டுபிடித்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்திருக்கும் ரிப்போர்ட்டில் இடது மார்புக்கு டிஎச்-3 என்ற வெப்பத் தரம், மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் என்று ஒரு பக்கம். கல்லீரல் பகுதியில் ‘வெப்ப மிகுதி’ என்று இன்னொரு பக்கம். தெர்மல் ஸ்கேனை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிப்பது கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: “அம்மா மேமோகிராமுக்கு வரவே மாட்டேன் என்கிறார், இதையே வருடா வருடம் எடுத்தால் போதாதா?”

போதாது. மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டாம். அவசரத்தில் இருந்தால் இதோடு நிறுத்திக்கொண்டு மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு நேரம் வாங்கிவிடுங்கள். ஆனால் ஏன் என்று தெரியாமல் அம்மாவைக் கிளப்ப முடியாது என்பதால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

நான் ரேடியாலஜிஸ்ட். 18 வருடமாக மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் தினசரி வேலை. தெர்மல் கேமராவை நான் பயிற்சி வகுப்புகளில் கையாண்டிருக்கிறேன், தொழிலாகச் செய்ததில்லை; ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வரும் பெண்களை மாதத்துக்கு ஓரிருவராவது பார்க்கிறேன். உங்கள் அம்மாவைப் பரிசோதிக்காமல், நீங்கள் போட்டிருக்கும் நான்கு படங்களை மட்டும் வைத்துச் சொல்கிறேன் என்பதையும் மனதில் வையுங்கள்.

அந்தக் கேமரா எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். நம் உடம்பு எந்நேரமும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் வெறும் இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது ஏறியது; கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரின் வகைதான் இதுவும். கேமரா உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை, வெளியே வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே எக்ஸ்ரே இல்லை, வலி இல்லை என்பதெல்லாம் சத்தியமான வார்த்தை. ஆனால் அந்தக் கதிர் புறப்படுவது தோலின் மேல் அடுக்கிலிருந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து. முதல்முறை அந்தக் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சுவரில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தேன்; கை போன பிறகும் ஐந்து விரலும் மஞ்சளாகச் சுவரில் நின்று மெல்ல மங்கின. எதிரே இருந்த நண்பருக்கு மூக்கு நுனி நீலம், கண்ணின் உள்மூலை பளீர் வெள்ளை, மூக்குக்கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு கறுப்பு வட்டம். சாதாரணக் கண்ணாடியைக்கூட இந்தக் கதிரால் தாண்ட முடியாது. ஒரு துப்பட்டாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் துப்பட்டாவின் படம்தான் வரும். வலது பக்கத்தில் இருந்த வண்ணப் பட்டையை வகுப்பு எடுத்தவர் கொஞ்சம் நகர்த்தினார். 28 முதல் 38 டிகிரி என்று இருந்ததை 32 முதல் 35 என்று மாற்றியதும், அதுவரை சாதுவாகப் பச்சையில் இருந்த நண்பரின் முகம் தீப்பிடித்த மாதிரி சிவந்துவிட்டது. நண்பர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். சிவப்பு என்பது உடம்பின் நிறமில்லை, மென்பொருளில் ஒருவர் தேர்ந்தெடுத்த நிறம் என்பதை இந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்லிவிடுவேன்.

சரி, தோல் சூட்டுக்கும் கேன்சருக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. 1956-ல் கனடாவின் மாண்ட்ரியலில் ரே லாசன் என்ற மருத்துவர், மார்பகப் புற்று இருக்கும் இடத்துக்கு மேலே தோல் மற்ற இடத்தைவிடச் சூடாக இருப்பதை அளந்து எழுதினார். வளரும் கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்ளும், சுற்றியுள்ள குழாய்களை விரியச் செய்யும் பொருளை வெளிவிடும். ரத்தம் கூடினால் சூடு கூடும். அடிப்படை தப்பில்லை. ஆகவே இதைப் போலி அறிவியல் என்று ஒரே போடாகப் போடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். இந்த யோசனையை மருத்துவம் உதறித் தள்ளவில்லை. நிஜமாகவே வைத்துச் சோதித்துப் பார்த்தது.

அமெரிக்காவில் 1973-ல் தொடங்கிய மாபெரும் மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில், 29 மையங்களில் சுமார் 2,80,000 பெண்களைச் சேர்த்தார்கள். கையால் பரிசோதனை, மேமோகிராம், தெர்மோகிராம் என்ற வெப்பப் படம் மூன்றையும் வைத்து ஆரம்பித்தார்கள். சில வருடங்களிலேயே தெர்மோகிராமை மட்டும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கண்டுபிடிக்கப்பட்ட புற்றுகளில் பாதியைக்கூட அது காட்டவில்லை. அப்புறம் இங்கிலாந்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 1990-ல் வெளியிட்ட ஆய்வில் கொஞ்சம் பரவாயில்லாத எண் வந்தது: புற்று உள்ளவர்களில் 61 சதவீதம் பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 74 சதவீதம் பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது.

61-ம் 74-ம் பரீட்சை மதிப்பெண் என்றால் வீட்டில் திட்டமாட்டார்கள். ஒரு முகாமில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பெண்கள் வருகிறார்கள், அதில் ஐந்து பேருக்குப் புற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஐந்தில் மூன்று பேரைக் கேமரா பிடிக்கும். இரண்டு பேர் ‘ஒன்றுமில்லை’ என்ற காகிதத்தோடு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். மீதி 995 பேரில் சுமார் 259 பேருக்கு ஒன்றுமில்லாமலேயே சிவப்புப் படம் வரும். ஆக 262 பேர் பயந்துபோய் வரிசையில் நிற்பார்கள். அதில் மூன்று பேருக்குத்தான் நிஜம். அந்த 262 பேரையும் கடைசியில் எங்கே அனுப்புவீர்கள்? மேமோகிராமுக்கும் அல்ட்ராசவுண்டுக்கும்தான். தவிர்க்க வந்த இடத்துக்கே திரும்பவும்.

கிடைத்த ஆய்வுகளைச் சேர்த்து 2012-ல் நியூசிலாந்தில் ஒரு மதிப்பாய்வு செய்தார்கள். நோயைப் பிடிக்கும் திறன் ஆய்வுக்கு ஆய்வு 25 சதவீதத்திலிருந்து 97 சதவீதம் வரை ஆடியது. ஒரு தராசு ஒரே மூட்டையை ஒரு நாள் 25 கிலோ, மறுநாள் 97 கிலோ என்று காட்டினால் அந்தக் கடையில் நாம் அரிசி வாங்குவோமா?

ஏன் இப்படித் தவறுகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. மார்பகம் பெருமளவு கொழுப்பு. கொழுப்பு சூட்டை எளிதில் கடத்தாது. மூன்று சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் சிறிய கட்டியின் சூடு தோலுக்கு வந்து சேர்வதற்குள் ஓடும் ரத்தம் அதை வாரிக்கொண்டு போய்விடும். மெதுவாக வளரும் புற்று அவ்வளவாகச் சூடு பண்ணுவதும் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்ப நிலைப் புற்று. அது பெரும்பாலும் கட்டியாகவே இருக்காது. மேமோகிராமில் பொடி உப்பைச் சிந்திய மாதிரி சுண்ணாம்புத் துகள்கள் ஒரு மூலையில் கூடிக் கிடக்கும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற வேலை அது. சுண்ணாம்புக்குச் சூடு கிடையாது. எதை இந்த வயதில் முன்கூட்டியே பிடிக்க ஆசைப்படுகிறோமோ அதைத்தான் வெப்பப் படம் பார்க்கவே முடியாது. இன்னொரு பக்கம், சூடு கூடுவதற்குப் புற்று தேவையில்லை. தோலுக்கு அடியில் ஓடும் ஒரு தடித்த சிரை போதும், பால் கட்டிச் சீழ் பிடித்தால் போதும், மாதவிலக்குச் சுழற்சியின் நாள் மாறினால் போதும். மார்புக்குக் கீழ் மடிப்பும் அக்குளும் எல்லாப் பெண்களுக்குமே சிவப்பாகத்தான் வரும்.

இவ்வளவும் படத்தை முறையாக எடுத்தாலே வரும் சங்கடங்கள். முறை என்ன தெரியுமா? அறை 18-லிருந்து 23 டிகிரிக்குள் நிலையாக இருக்க வேண்டும், மேலாடை இல்லாமல் பதினைந்து நிமிடமாவது உட்கார்ந்து உடம்பு அந்த அறைக்குப் பழக வேண்டும். காற்று மேலே அடிக்கக் கூடாது. காபி, சிகரெட், வெயில், உடற்பயிற்சி, பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது. நீங்கள் எழுதியிருப்பது: மே மாதம், கல்யாண மண்டபம், தலைக்கு மேல் மின்விசிறி, துணித் திரைக்குப் பின்னால் ஆளுக்கு மூன்று நிமிடம், “அம்மா நைட்டியோடுதான் எடுத்துக்கொண்டார்”. அதாவது வியர்வை காய்ந்துகொண்டிருந்த ஒரு நைட்டியின் வெப்பப் படம் உங்களிடம் இருக்கிறது. இடது பக்கத்துச் சிவப்பு எங்கே துணி உடம்போடு ஒட்டியிருந்ததோ அங்கே இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. படத்தில் தோள்பட்டைத் தையல்கூடத் தெரிகிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

அந்த டிஎச்-3 என்பது எங்கிருந்து வந்தது என்றும், ‘பத்து வருடம் முன்னால்’ என்ற பேச்சுக்கு எது மூலம் என்றும் கேட்டிருந்தீர்கள். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1965 முதல் தெர்மோகிராம் எடுத்துவந்தவர்கள் 1980-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படங்களை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரிக்கும் முறையில், மூன்றாம் தரம் வந்த, ஆனால் மற்ற பரிசோதனையில் புற்று தெரியாத 1,245 பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஐந்து வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குப் புற்று வந்தது என்றார்கள். படித்தால் தூக்கிவாரிப்போடும். ஆனால் அந்த மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மார்பில் ஏதோ தொந்தரவு என்று வந்தவர்கள். முகாமுக்கு வந்த ஆரோக்கியமான பெண்ணுக்கு அந்தக் கணக்கைப் போடக் கூடாது. முன்பு சொன்ன இங்கிலாந்து ஆய்வு இதையும் சோதித்தது: ஐந்து வருடத்தில் புற்று வந்தவர்களையும் வராதவர்களையும் பிரித்துப் பார்த்தால், ஆரம்பத்தில் எடுத்த வெப்பப் படத்தில் இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வருங்காலத்தைச் சொல்லும் கருவியாகவும் இது உதவாது என்று முடித்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் கட்டுரையில் ஐந்து வருடமாக இருந்தது. விளம்பரத் தாளில் பத்தாகிவிட்டது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1982-ல் இந்தக் கருவியை அனுமதித்ததும் உண்மைதான், அதையும் விளம்பரத்தில் போடுவார்கள். மேமோகிராமோடு சேர்த்துப் பார்க்கும் துணைக் கருவியாக மட்டும் என்ற மீதிப் பாதியை விட்டுவிடுவார்கள். மேமோகிராமுக்குப் பதிலாக இதை எடுக்காதீர்கள் என்று அதே நிர்வாகம் 2011-லும் 2017-லும் 2019-லும் பொதுமக்களை எச்சரித்தது.

உங்கள் அத்தை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி கட்டுக்கதை இல்லை. 2019-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு சுற்றுலாக் காட்சிக்கூடத்தில் வேடிக்கைக்கு வைத்திருந்த தெர்மல் கேமராவின் முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு ஒரு மார்பில் மட்டும் வெப்பத் திட்டு தெரிந்தது. ஊருக்குப் போய்ப் பரிசோதித்ததில் ஆரம்ப நிலைப் புற்று. நடந்த விஷயம், அவருக்கு நல்ல அதிர்ஷ்டம். ஆனால் அதே கேமராவின் முன்னால் திட்டு தெரிந்தும் ஒன்றும் இல்லாமல் போனவர்கள், புற்று இருந்தும் திட்டு தெரியாமல் கையசைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணினால் செய்தியாகாது.

என் அறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். 46 வயதுப் பெண், துணிக்கடை வைத்திருப்பவர். வலது மார்பில் கட்டியைத் தானே உணர்ந்து, பயத்தில் மேமோகிராமைத் தவிர்த்து எங்கோ ஒரு தெர்மல் மையத்துக்குப் போயிருக்கிறார். படம் பச்சை. கட்டி இருக்கிறதே என்று கேட்டதற்கு, கேன்சராக இருந்தால் சிவப்பாகத் தெரியும் என்றார்களாம். பதினான்கு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அல்ட்ராசவுண்ட் கருவியை அக்குளில் வைத்ததும் நெரிகட்டி தெரிந்தது. அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிகிச்சை முடிந்து இப்போது கடைக்குப் போகிறார், அதில் சந்தோஷம். ஆனால் அந்தப் பதினான்கு மாதத்துக்கு அவர் கீமோவில் விலை கொடுத்தார். இதற்கு நேர்மாறாக, சிவப்புப் படம் வந்து இரண்டு மாதம் தூங்காமல் கிடந்து, கடைசியில் எல்லாம் இயல்பு என்று தெரிந்து என் மேசையிலேயே அழுதவர்கள் எண்ணிக்கையில் அதிகம். ஒருவருக்குத் தெர்மல் சரியாகவும் சொல்லியிருந்தது. அந்தக் கட்டியைக் கதவருகில் நின்றே என்னால் பார்க்க முடிந்தது. என் அனுபவத்தை ஆய்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரச்சினை உள்ளவர்கள்தான் என்னிடம் வருவார்கள், நான் பார்ப்பது சாய்ந்த கூட்டம்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. இப்போது கேமராக்கள் 1970-களின் கேமராக்கள் இல்லை. ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடப் பிடிக்கும். படத்தை மனிதக் கண்ணுக்குப் பதில் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு படிக்கும் முயற்சியும் நடக்கிறது. பெங்களூரில் 2016-ல் தொடங்கிய நிராமை நிறுவனம் இந்தியாவில் இதற்குத் தெரிந்த பெயர். இதை நான் கேலி செய்யமாட்டேன். மேமோகிராம் கருவி எட்டாத ஊர்களில், யாரை முதலில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று வடிகட்ட ஒரு வழி கிடைத்தால் நல்லதுதான். ஆனால் இதுவரை வெளியான ஆய்வுகள் பெரும்பாலும் சில நூறு பெண்கள் அளவில் நிற்கின்றன. மேமோகிராமுக்குப் பின்னால் 1963-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்விலிருந்து பல நாடுகளில் பல லட்சம் பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து, இறப்பு குறைந்ததா என்று எண்ணிய கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை வெப்பப் படம் எழுதிக் காட்டும் நாளில் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அதோடு உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் அப்படி எந்த மென்பொருளும் இல்லை. ஒரு ஆள் நிறத்தைப் பார்த்துக் கையால் எழுதியது அது.

மேமோகிராமும் கடவுள் இல்லை. ஏறக்குறைய எட்டுப் புற்றில் ஒன்றை அது தவறவிடும். இளம் பெண்களுக்கும், மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பவர்களுக்கும் படம் முழுக்க வெள்ளையாக இருக்கும், வெள்ளைக் கட்டியை வெள்ளையில் தேட வேண்டும். அங்கே அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கும். தேவையில்லாத மறு அழைப்புகளும் உண்டு. உங்களுக்கு 27 வயது என்பதால் சேர்த்தே சொல்கிறேன்: குடும்பத்தில் யாருக்கும் இல்லை, உங்களுக்கும் தொந்தரவு இல்லை என்றால் இப்போது உங்களுக்கு மேமோகிராம் வேண்டியதில்லை. ஏதாவது தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்ட்தான் முதலில்.

தொடாமல், கதிர் இல்லாமல், செலவும் இல்லாமல் ஏதாவது இருக்கிறதா என்றால், தொடாமல் என்பதை மட்டும் விட்டுக்கொடுத்தால் இருக்கிறது. கை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, 35-லிருந்து 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை இருபது வருடம் தொடர்ந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது: பரிசோதித்த பாதியில், 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் மார்பகப் புற்று இறப்பு மற்ற பாதியைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது, 50-க்குக் கீழே குறையவில்லை. ஒரு எக்ஸ்ரே கருவி கிடையாது, ஒரு கேமரா கிடையாது. இந்தப் பரிசோதனையை 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ் இலவசமாகச் செய்கிறார். அந்த மண்டபத்துக்குப் போன பெண்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

அம்மாவின் பயங்களுக்கு வருவோம். கதிர்வீச்சு: ஒரு மேமோகிராமில் வருவது சுமார் 0.4 மில்லிசீவர்ட், சும்மா பூமியில் நடமாடுவதால் ஏழெட்டு வாரத்தில் நம் எல்லோருக்கும் கிடைக்கும் அளவு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில், இயற்கையாகவே கதிரியக்கம் கூடிய கடற்கரை மணலில் தினமும் நடப்பவர்கள் நம்மைவிடக் கூடுதலாகவே வாங்கிக்கொள்கிறார்கள். வலி: இரண்டு தட்டுக்கு நடுவே அழுத்துவார்கள், ஒரு பக்கத்துக்கு இரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் சில விநாடி. வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்லிக் கூட்டிவராதீர்கள், அடுத்த முறை வரமாட்டார். கூச்சம்: இதுதான் பெரும்பாலும் நிஜக் காரணம், வெளியே சொல்லமாட்டார்கள். பெண் டெக்னீஷியன் இருக்கிறாரா என்று போனில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலான இடங்களில் இருப்பார்கள். தாலி விஷயமாகத் தயங்குகிறவர்களும் நிறைய. கழற்ற வேண்டியதில்லை, முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டால் போதும். எங்கள் டெக்னீஷியன் அக்கா கேட்காமலேயே அதைச் செய்துவிடுவார். பவுடர் மட்டும் போட்டுக்கொண்டு வரக் கூடாது. அக்குளில் அப்பிய பவுடர் படத்தில் சுண்ணாம்புத் துகள் மாதிரியே தெரிந்து நான் ஒருமுறை ஏமாந்து, துடைத்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறேன்.

மேமோகிராம் ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் இயல்பு, அடுத்தது ஒன்றிரண்டு வருடத்தில். 0 என்று வந்தால் பயப்பட வேண்டாம்; இன்னும் ஒரு படமோ அல்ட்ராசவுண்டோ பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று அர்த்தம். 4, 5 என்றால் ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. படம் இயல்பு என்று வந்த பிறகும் கட்டி, காம்பிலிருந்து ரத்தம், காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ஆரஞ்சுத் தோல் மாதிரி சருமம் குழிவது இதில் ஏதாவது வந்தால் எந்த ரிப்போர்ட்டையும் நம்பாமல் நேரே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போங்கள்.

கல்லீரல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். விலா எலும்புக்கும் தசைக்கும் பின்னால் இருக்கும் கல்லீரலின் கதையைத் தோல் சூடு சொல்லாது. சந்தேகம் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு வயிற்று அல்ட்ராசவுண்ட் போதும்.

ஆனால் ஒரு விஷயம். அம்மாவுக்குச் சர்க்கரை பன்னிரண்டு வருடமாக என்று எழுதியிருக்கிறீர்கள். வெப்ப அளவு உருப்படியாக வேலை செய்யும் இடங்களில் முக்கியமானது சர்க்கரை நோயாளியின் பாதம்தான். அங்கே கொழுப்பும் ஆழமும் குறுக்கே வராது, பிரச்சினையே தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உணர்ச்சி மரத்துப்போன காலில் புண் வருவதற்கு முன்னால் அந்த இடம் சூடாகும். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் நடையைக் குறைத்து மருத்துவரைப் பார்ப்பது என்று வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகளில், கால் புண் கணிசமாகக் குறைந்தது. கேமராகூட வேண்டாம், தோலில் வைத்து அளக்கும் சின்ன வெப்பமானி போதும். ‘முழு உடல்’ என்று பணம் வாங்கியவர்கள் எடுத்த நான்கு படத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் கணுக்காலோடு நின்றுவிடுகிறது. இன்று இரவு அம்மாவைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரச் சொல்லி, உங்கள் புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். மேமோகிராமைப் பற்றிய பேச்சை அப்போதே எடுத்துவிடலாம்.